பிரின்டர் சிக்கலுக்கு '42' என்று பதில்... கால்குலேட்டர் பிரியர்களின் ஜாலி உலகம்!

"ஹெச்.பி பிரின்டர்ல பேப்பர் சிக்கிக்கிட்டே இருக்கு. என்ன பண்ணலாம்?"

இந்தக் கேள்வியை பிரின்டர் ரிப்பேர் கடையில் கேட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால், 50 வருஷத்துக்கு முந்தைய ஹெச்.பி கால்குலேட்டர்களைத் தேடித் தேடிச் சேர்த்து, திருகைக் கழற்றி, துடைத்து, மறுபடி உயிர் கொடுக்கிற ஒரு கூட்டத்திடம் போய்க் கேட்டால்? 'ஹெச்.பி' என்ற இரண்டு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு அப்படிக் கேட்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற முதல் பதில் பெரும்பாலும் ஒரு எண்தான். 42!

கேட்டவர் குழம்பிப்போவார். அடுத்த ஆள் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "எந்த பிரின்டர்? 82240-ஆ, 82143-ஆ?" என்பார். இது வெறும் கலாய் இல்லை. அந்த இரண்டுமே நிஜமான பிரின்டர்கள். முதலாவது, கால்குலேட்டரிலிருந்து டி.வி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிர் மூலம் எண்களை வாங்கி, பஸ் டிக்கெட் அகலத் தாளில் அடித்துக் கொடுக்கும். இரண்டாவது, ஹெச்.பி-41 என்ற கால்குலேட்டரோடு ஒயரில் இணைவது. அதாவது, தப்பான இடத்தில் கேட்கப்பட்ட கேள்வி அந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி மாறிப்போகிறது. இந்தக் கூட்டத்தின் நகைச்சுவையே இந்த வகைதான். பாதி ஜோக், பாதி அப்பட்டமான உண்மை.

இவர்கள் யார், ஏன் இப்படி இருக்கிறார்கள், அந்த 42 எங்கிருந்து வந்தது?

சட்டைப்பைக்குள் வந்த கணக்கு

இன்றைக்கு ஹெச்.பி என்றால் பிரின்டர், லேப்டாப். அந்த நிறுவனத்தின் லேசர்ஜெட் பிரின்டர் வந்தது 1984-ல். அதற்கு 12 வருஷம் முன்னால், 1972-ல், ஹெச்.பி-35 வந்தது. சைன், காஸ், மடக்கை எல்லாம் போடத் தெரிந்த, கையில் அடங்கும் முதல் சயின்டிஃபிக் கால்குலேட்டர். நிறுவனர்களில் ஒருவரான பில் ஹியூலெட், "என் சட்டைப்பையில் நுழைய வேண்டும்" என்று நிபந்தனை போட, அந்த அளவுக்குள் எல்லாவற்றையும் திணித்தார்கள். மொத்தம் 35 பட்டன்கள், அதனால்தான் அந்தப் பெயர். விலை 395 டாலர். அந்தக் காலத்தில் அது ரொம்பப் பெரிய தொகை. 10,000 விற்றால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் வருஷமே ஒரு லட்சம் போனது. அதுவரை என்ஜினீயர்கள் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த ஸ்லைடு ரூல் சில வருஷங்களில் மேஜை டிராயருக்குள் போய்ச் சேர்ந்தது.

1974-ல் ஹெச்.பி-65 வந்தது. காந்தப் பட்டை போட்ட சின்ன அட்டையில் புரோகிராமைச் சேமித்து வைக்கலாம். அடுத்த வருஷமே அது விண்வெளிக்குப் போனது. அமெரிக்காவின் அப்போலோவும் சோவியத்தின் சோயூஸும் வானத்தில் கைகுலுக்கிய 1975 பயணத்தில், விண்கலக் கம்ப்யூட்டர் பழுதானால் உதவுவதற்காக அதை எடுத்துப் போனார்கள். 1981-ல் முதல் ஸ்பேஸ் ஷட்டில் பறந்தபோது ஹெச்.பி-41 கூடவே போனது.

பிரியர்களின் பார்வையில் ஹெச்.பி என்றால் இதுதான். பிரின்டர் எல்லாம் பிற்பாடு வந்த சித்தி பிள்ளைகள்! நிறுவனமே பல துண்டாகப் பிரிந்துவிட்டது. 1999-ல் அளவைக் கருவிகள் பிரிவு தனியாகப் போனது. 2015-ல் மிச்சமும் இரண்டாகப் பிரிந்தது. இப்போது ஹெச்.பி பெயர் போட்ட கால்குலேட்டர்களை உரிமம் வாங்கிய வேறு நிறுவனங்கள்தான் விற்கின்றன. அதனால், "ஹெச்.பி-க்காரங்கதானே நீங்க?" என்று யாராவது பிரின்டரோடு வந்து நின்றால், அவர்களுக்குச் சிரிப்பும் வருகிறது, உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

'=' இல்லாத கால்குலேட்டர்

இந்தக் கால்குலேட்டர்களில் முக்கியமான விஷயம், பெரும்பாலானவற்றில் '=' பட்டனே கிடையாது. அதற்குப் பதிலாக 'எண்டர்' என்று ஒரு பெரிய பட்டன். இந்த முறைக்கு ஆர்.பி.என் என்று பெயர். 'ரிவர்ஸ் பொலிஷ் நொட்டேஷன்' என்பதன் சுருக்கம். போலந்து நாட்டுத் தர்க்கவியலாளர் யான் வுக்காஷியேவிச் 1920-களில் அடைப்புக்குறியே இல்லாமல் எழுதுகிற ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அதைத் தலைகீழாகத் திருப்பினால் வருவது இது.

இரண்டையும் நான்கையும் கூட்டி, வருவதை ஏழால் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கால்குலேட்டரில் அடைப்புக்குறி போட வேண்டும், அல்லது நடுவில் ஒரு '=' தட்ட வேண்டும். ஆர்.பி.என்-ல் இப்படி: 2, எண்டர், 4, +, 7, ×. முடிந்தது.

இங்கிலீஷ்காரர்களுக்கு இது தலைகீழ். "ஸ்டார் வார்ஸ் யோடா பேசற மாதிரி இருக்கு" என்று அவர்களே கிண்டல் செய்துகொள்வார்கள். நமக்கு அப்படி இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "ரெண்டையும் நாலையும் கூட்டு, அதை ஏழால பெருக்கு." எண்கள் முதலில், செய்ய வேண்டிய வேலை கடைசியில். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் உட்காரும். அதனால், ஆர்.பி.என் என்பது கிட்டத்தட்ட தமிழில் கணக்குப் போடுவதுதான்! ஒரு அமெரிக்க மாணவன் ஒரு வாரம் திணறிப் பழகுவதை, நாம் மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே பட்டனைத் தட்டினால் வந்துவிடும். சந்தேகமிருந்தால் கடைசிப் பத்தியில் சொல்கிற இலவச மென்பொருளில் தட்டிப் பாருங்கள்.

உள்ளே நடப்பதும் எளிதுதான். பந்தி நடக்கிற இடத்தில் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள் இல்லையா, அதேபோல எண்களை நான்கு அடுக்காக வைத்துக்கொள்ளும். '+' தட்டினால் மேலே இருக்கிற இரண்டை எடுத்து, கூட்டி, விடையை மறுபடி மேலே வைக்கும். ஒவ்வொரு படியின் விடையும் கண் முன்னால் தெரியும். தப்பு எங்கே நடந்தது என்று அப்போதே தெரிந்துவிடும். பிரியர்கள் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள்.

இன்னொரு பலனும் உண்டு. ஆர்.பி.என் கால்குலேட்டரை யாரும் இரண்டாவது முறை இரவல் கேட்க மாட்டார்கள். வாங்கிய ஆள் ஐந்து நிமிஷம் '=' பட்டனைத் தேடுவார், திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார். 'எண்டர் > =' என்று டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்வது இந்தக் கூட்டத்தின் குலச்சின்னம். எண்டர்தான் '=' பட்டனைவிட உயர்ந்தது என்று பெருமை.

42... விடை இருக்கு, கேள்வி எங்கே?

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 1978 மார்ச் 8 அன்று பி.பி.சி ரேடியோ 4-ல் ஒரு காமெடி அறிவியல் புனைவுத் தொடர் ஆரம்பித்தது. பெயர் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி'. எழுதியவர் டக்ளஸ் ஆடம்ஸ். மறுவருஷம் நாவலாக வந்து சக்கைப்போடு போட்டது.

கதையில், வாழ்க்கை, பிரபஞ்சம் எல்லாவற்றுக்கும் இறுதி விடை என்ன என்று 'டீப் தாட்' என்ற ராட்சசக் கம்ப்யூட்டரிடம் கேட்கிறார்கள். அது 75 லட்சம் வருஷம் யோசித்து, ஊரே கூடி நிற்க, விடை சொல்கிறது: 42. எல்லோரும் கொதித்துப்போகிறார்கள். கம்ப்யூட்டர் அசரவில்லை. விடை சரிதான், உங்களுக்குக் கேள்வி என்னவென்றே ஒழுங்காகத் தெரியவில்லை என்கிறது. சரி, கேள்வியைக் கண்டுபிடிக்க இன்னும் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். அதுதான் பூமி! ஒரு கோடி வருஷம் ஓட வேண்டிய புரோகிராம், முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, விண்வெளி நெடுஞ்சாலை போடுவதற்காக பூமி இடிக்கப்படுகிறது.

கால்குலேட்டர் பிரியர்கள் இந்தக் கதையில் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்று புரிகிறதா? அவர்கள் கையில் இருக்கிற கருவியின் மொத்த வாழ்க்கையும் இதுதான். கேட்டதற்கு 10 இலக்கத்தில் துல்லியமாக விடை சொல்லும். கேட்டது சரியான கேள்வியா என்பது அதற்குத் தெரியாது. இடம் மாறி வந்த பிரின்டர் கேள்விக்கு '42' என்று சொல்வது அந்த வகையில் பொருத்தமான பதில்தான். 'விடை தயார், கேள்வியை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்பதற்கு அவர்களுடைய பாஷை அது.

கதையில் பிறகு ஒரு இடத்தில், எழுத்துக் கட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு உருவி அந்தக் கேள்வியைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். கிடைக்கிற கேள்வி, ஆறை ஒன்பதால் பெருக்கினால் எவ்வளவு என்பது. ஆறொன்பது 54 ஆயிற்றே! பிரபஞ்சமே தப்புக் கணக்கில் ஓடுகிறது என்பது ஆடம்ஸின் ஜோக். ரசிகர்கள் விடுவார்களா? 13-ஐ அடிப்படையாக வைத்து எண்ணினால் 54 என்பதை '42' என்றுதான் எழுத வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள் (நான்கு பதிமூன்று 52, கூட இரண்டு). ஆடம்ஸ் அதைக் கேள்விப்பட்டு, 13-ன் அடிப்படையில் ஜோக் எழுதுகிற அளவுக்கு நான் போகவில்லை என்று கைவிரித்தார். ஒரு சாதாரண, சின்ன எண் வேண்டும் என்று நினைத்தபோது மனதில் வந்தது அது, அவ்வளவுதான் என்றும் விளக்கினார். யாரும் நம்பவில்லை! கம்ப்யூட்டர் எழுத்துக் குறியீட்டு அட்டவணையான ஆஸ்கியில் 42-வது இடத்தில் இருப்பது நட்சத்திரக் குறி, அது புரோகிராம்களில் பெருக்கல் குறியும்கூட என்று அடுத்த ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்கள்.

ஒரு நிஜ டீப் தாட் கதையும் உண்டு. 100-க்குக் கீழே உள்ள எண்களை மூன்று கன எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா என்பது கணிதத்தில் பழைய புதிர். சில எண்களுக்கு முடியாது என்பது நிரூபணமான விஷயம். மீதி எல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, கடைசியாக மிஞ்சி நின்ற எண் எது தெரியுமா? 42! 2019-ல் ஆண்ட்ரூ புக்கர், ஆண்ட்ரூ சதர்லேண்ட் என்ற இரண்டு கணிதவியலாளர்கள், உலகம் முழுக்க வீடுகளில் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்களின் நேரத்தை இரவல் வாங்கி, பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, விடை கண்டுபிடித்தார்கள். மூன்றும் 17 இலக்க எண்கள். இதைக் கால்குலேட்டரில் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தால் அழுகைதான் வரும். அவற்றில் இரண்டின் கன எண்கள் 50 இலக்கத்தைத் தாண்டுகின்றன. 12 இலக்கம் காட்டுகிற கருவி நேரடியாகக் கூட்டினால் குப்பை எண்ணைத்தான் துப்பும்.

கைக்கடிகாரமும் மஞ்சள் விடையும்

ஆடம்ஸ் கால்குலேட்டர்காரர்களை வேறு இடங்களிலும் சீண்டியிருக்கிறார். ஹிட்ச்ஹைக்கர் நாவலின் முதல் பக்கத்திலேயே, டிஜிட்டல் வாட்ச்சைப் பெரிய விஷயமாக நினைக்கிற அளவுக்கு மனிதர்கள் பழமையான ஜீவன்கள் என்று ஒரு குத்து. 1979-ல் அதைப் படித்த ஹெச்.பி ரசிகருக்கு எப்படி இருந்திருக்கும்? இரண்டு வருஷம் முன்னால்தான், 1977-ல், ஹெச்.பி-01 வெளிவந்திருந்தது. கைக்கடிகாரத்துக்குள் கால்குலேட்டர், சிவப்பு எல்.இ.டி எண்கள், ஆரம்ப விலை 650 டாலர். பட்டன்கள் அவ்வளவு சின்னது. விரல் நுழையாது. அதனால் பட்டியின் கொக்கியிலேயே குத்துவதற்கு ஒரு சிறு குச்சி வைத்திருந்தார்கள். இன்றைக்கு அது சேகரிப்பாளர்களின் கனவுப் பொருள். அந்த நக்கலை அதிகம் ரசித்துச் சிரிப்பவர்களும் அவர்கள்தான்.

1988-ல் வந்த டிர்க் ஜென்ட்லி துப்பறியும் நாவலின் இரண்டாம் பாகத்தில் ஒரு சீன ஜோசியக் கால்குலேட்டர் வரும். நான்கு வரைக்கும் ஒழுங்காகக் கணக்குப் போடும். விடை நான்கைத் தாண்டிவிட்டால், எல்லாம் மஞ்சள்மயம் என்கிற அர்த்தத்தில் ஒரு கவித்துவமான வாசகம் காட்டும். அவ்வளவுதான். கூட்டல் கணக்குக்கு உதவாவிட்டாலும் கதாநாயகனுக்கு அதன் மீது மரியாதை குறையாது. பிரியர்கள் மத்தியில், நினைவகம் நிரம்பிய கால்குலேட்டர், பேட்டரி தீர்ந்த கால்குலேட்டர், பொருத்தமில்லாத கேள்வி என எல்லாவற்றுக்கும் இந்த 'மஞ்சள்' பொருத்தமான பதில். 42 அலுத்துப்போகிற நாளில் இதை எடுத்து விடுவார்கள்.

இத்தனைக்கும் நடுவில், அதே 1988-ல் ஹெச்.பி ஒரு புதிய மாடலை இறக்கியது. பெயர்: ஹெச்.பி-42எஸ். 32, 27 என்று அந்த வரிசையில் மற்ற எண்களும் உண்டு, இது தற்செயலாக இருக்கலாம். ஆனால், 1995-ல் உற்பத்தி நின்ற பிறகும், ஆர்.பி.என் கால்குலேட்டர்களில் சிறந்தது எது என்று கேட்டால் பலர் சொல்கிற பதில், அப்போதும் 42!

பாபேஜை முழிக்கவைத்த கேள்வி

இடம் தெரியாமல் கேட்கப்படும் டெக்னாலஜி கேள்விக்கு வரலாறு நீளமானது. கம்ப்யூட்டரின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் 1864-ல் எழுதிய சுயசரிதையில் ஒன்றைச் சொல்கிறார். அவருடைய கணக்கு இயந்திரத்தைப் பற்றி, தப்பான எண்களை உள்ளே போட்டால் சரியான விடை வெளியே வருமா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் சாமானியர்கள் இல்லை. ஒருவர் பிரிட்டிஷ் மேலவை உறுப்பினர், இன்னொருவர் கீழவை உறுப்பினர்! எப்படிக் குழம்பினால் இப்படி ஒரு கேள்வி வரும் என்று பாபேஜுக்குப் புரியவே இல்லை.

இதற்கு நேர் எதிரான சங்கடமும் நடந்தது. சரியான எண்ணைப் போட்டும் தப்பான விடை. முதல் ஹெச்.பி-35-களில் ஒரு பிழை இருந்தது. 2.02-க்கு இயல் மடக்கை எடுத்து, அதை உடனே பழையபடி திருப்பினால் 2.02 வர வேண்டும். 2 என்றுதான் வந்தது. அதற்குள் ஏறத்தாழ 25,000 கருவிகள் விற்றுப்போயிருந்தன. இன்டர்நெட்டே இல்லாத காலம், கமுக்கமாக விட்டிருக்கலாம். நிறுவனம் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, வேண்டுமானால் மாற்றித் தருகிறோம் என்றது. பலர் மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது சந்தையில் நிலைமை தலைகீழ். 2.02 சோதனையில் தோற்கிற கருவிதான் சேகரிப்பாளர்களுக்குப் பொக்கிஷம். பிழை இருந்தால் விலை ஜாஸ்தி!

தயாரிப்பாளரைக் கேட்கக் கூடாது

1974-ல் ரிச்சர்ட் நெல்சன் என்பவர் ஹெச்.பி-65 வைத்திருப்பவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். பிறகு பி.பி.சி என்று பெயர் மாறியது (லண்டன் ரேடியோ இல்லை, இதில் வருவது இரண்டு 'பி'). உறுப்பினர்கள் தபாலில் புரோகிராம்களையும் கண்டுபிடிப்புகளையும் பரிமாறிக்கொண்டார்கள். 1979-ல் ஹெச்.பி-41 வந்ததும் அவர்களுக்குக் கொண்டாட்டம். மேனுவலில் இல்லாத கட்டளைகளை, கருவியின் உள்ளே இருந்த ஓட்டைகளைப் பயன்படுத்தி உண்டாக்க முடியும் என்று கண்டுபிடித்தார்கள். 'சிந்தெடிக் புரோகிராமிங்' என்று அதற்குப் பெயர். மேனுவல்படி 10 ஒலிகள்தான் வரும். இவர்கள் வித்தை காட்டினால் புதுசு புதுசாகக் கத்தும். இயற்பியலாளர் வில்லியம் விக்ஸ் 1980-ல் அதற்கு ஒரு புத்தகமே எழுதினார். பிறகு ஹெச்.பி அவரையே வேலைக்கு எடுத்தது. ஹெச்.பி-48 கால்குலேட்டரை உருவாக்கிய குழுவுக்கு அவர்தான் தலைவர். ஓட்டை கண்டுபிடித்தவர் கையிலேயே சாவியைக் கொடுத்த கதை!

நிறுவனம் இன்னொன்றும் செய்தது. கருவியின் உள் புரோகிராம் பட்டியலை இந்தச் சங்கத்துக்குக் கொடுத்தது. ஆனால் 'நோமாஸ்' என்று ஒரு முத்திரையோடு. இதற்கு எங்கள் ஆதரவு கிடையாது, சந்தேகம் வந்தால் எங்களைக் கேட்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். கேள்வியைத் தப்பான இடத்தில் கேட்காதே என்று தயாரிப்பாளரே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சந்தேகம் கேட்க இவர்களுக்கு இவர்கள் மட்டும்தான்.

சோவியத்தின் 'யெக்கோக்'

இந்தக் கிறுக்கு மேற்கு நாடுகளில் மட்டும் இல்லை. சோவியத் யூனியனில் 1980-ல் எலக்ட்ரோனிகா பி3-34 என்ற கால்குலேட்டர் வந்தது. அதுவும் ஆர்.பி.என்தான். 98 கட்டளைகளுக்கு மட்டுமே இடம். கணக்கில் தப்பு வந்தால் இங்கிலீஷில் 'எரர்' என்று காட்டும். ஆனால், கட்டம் கட்டமான அந்த எழுத்தை ரஷ்யர்கள் தங்கள் எழுத்தாக வாசித்தால் 'யெக்கோக்' என்று வரும். அர்த்தமே இல்லாத சொல். வேண்டுமென்றே கருவியைக் குழப்பி, பிழைக்குள் என்னென்ன ரகசியம் இருக்கிறது என்று தேடுகிற கலைக்கு 'யெக்கோகாலஜி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

1985-ல் 'தேக்னிகா மலத்யோஷி' என்ற இளைஞர் அறிவியல் பத்திரிகையில் மிகயில் பூகவ் ஒரு விண்வெளித் தொடர்கதை எழுதினார். சந்திரனிலிருந்து 'கோன்-டிக்கி' என்ற சின்னஞ்சிறு ஓடத்தில் பூமிக்கு வருகிற கதை. விசேஷம் என்னவென்றால், கதையோடு கால்குலேட்டர் புரோகிராமும் வெளியாகும். வாசகர் அதைத் தட்டி, எரிபொருளைக் கணக்கு பார்த்து, தானே ஓடத்தை இறக்க வேண்டும். திரையில் படம் கிடையாது, உயரமும் வேகமும் எண்களாக மட்டும். அடுத்த அத்தியாயத்துக்காக ஒரு தலைமுறையே கால்குலேட்டரும் கையுமாகக் காத்திருந்தது. அறிவியல் புனைவும் கால்குலேட்டரும் இதைவிட நெருக்கமாகக் கைகோத்த இடம் வேறு இல்லை என்பேன்.

இதற்கெல்லாம் மூதாதை, பள்ளிக்கூடப் பெஞ்சில் எல்லோரும் செய்த விளையாட்டுதான். 0.7734 என்று தட்டித் தலைகீழாகத் திருப்பினால் 'ஹலோ'. 1970-களின் பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் 71077345 பிரபலம். திருப்பிப் பாருங்கள், ஒரு பெட்ரோல் கம்பெனி தெரியும்.

சிரிப்பு முடிந்த பிறகு...

சரி, பிரின்டரோடு வந்த அந்த மனிதர் என்ன ஆனார்? இந்த விஷயத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் புரிகிற ஜோக், வெளியே நிற்பவருக்கு முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். ஆடம்ஸைப் படிக்காதவருக்கு 42 என்பது அவமானம். நல்ல கூட்டங்களில் ஜோக் முடிந்ததும் யாராவது ஒருவர், "பின்பக்க மூடியைத் திறந்து, ரப்பர் உருளையை ஈரத்துணியால துடைச்சுப் பாருங்க" என்று நிஜ பதிலையும் சொல்லிவிடுவார். உருளை பற்றி அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஹெச்.பி-65, 67, 97 கருவிகளில் அட்டையை இழுக்கிற ரப்பர் சக்கரம், வருஷங்கள் போனால் பாகாக உருகிப் பிசுபிசுத்துவிடும். அதைச் சுரண்டி எடுத்து, சிலிகான் குழாய்த் துண்டோ ரப்பர் வளையமோ மாட்டி ஓடவைப்பது அவர்களின் அன்றாட வேலை.

கதவைச் சாத்தக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தப்பான கேள்விகளுக்கு நடுவில்தான் சில நேரம் பொக்கிஷம் வரும். "தாத்தா பெட்டியில ஒரு ஹெச்.பி மெஷின் இருந்துச்சு. '=' பட்டனைக் காணோம். உடைஞ்சுபோச்சா?" என்று ஒருவர் கேட்டால், அது எந்தப் பிரியருக்கும் நெஞ்சு படபடக்கிற தருணம். இந்தக் கருவிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. பேட்டரி கசிந்து உலோகத் தகடுகள் அரித்துப்போகின்றன. ஹெச்.பி-41-ல் திருகு பிடிக்கிற பிளாஸ்டிக் தூண்கள் விரிசல் விடுகின்றன. உதிரிபாகம் என்றால் இன்னொரு செத்த கருவிதான். கிண்டலுக்குப் பயந்து அந்தப் பேரன் கேள்வியை விழுங்கிவிட்டால், கருவி பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

ஆசை வந்துவிட்டதா? செலவே வேண்டாம். 'ஃப்ரீ42' என்ற இலவச மென்பொருள் ஹெச்.பி-42எஸ்-ஐ அப்படியே உங்கள் மொபைலில் கொண்டுவரும். ஒரிஜினலில் 12 இலக்கத் துல்லியம், இதில் 34 (அந்த மூன்று கனக் கணக்குக்கு இதுவும் பத்தாது!). கையில் பட்டன் அமுக்கினால்தான் திருப்தி என்றால், சுவிட்சர்லாந்தில் ஸ்விஸ்மைக்ரோஸ் நிறுவனம் அதே மென்பொருளை வைத்து டி.எம்42 என்று கருவியாகவே விற்கிறது. வங்கி, நிதித் துறைக்காரர்களுக்கு 1981-ல் வந்த ஹெச்.பி-12சி இன்றும் கடையில் கிடைக்கிறது.

வீட்டில் பழையது ஏதாவது இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஹெச்.பி-21, 25, 29சி போன்ற 1970-களின் மத்தியில் வந்த கருவிகளில், பேட்டரி இல்லாமலோ செத்த பேட்டரியோடோ சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யாதீர்கள். பேட்டரிதான் அங்கே மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது இல்லையென்றால் உள்ளே இருக்கிற சிப் ஒரே நொடியில் காலி. முதலில் பேட்டரி அறையைத் திறந்து அரிப்பு இருக்கிறதா பாருங்கள். பழைய செல்லை எடுத்துவிட்டு, அதே அளவில் புது ரீசார்ஜபிள் செல் போட்டு, சார்ஜர் இல்லாமல் ஆன் செய்யுங்கள். சிவப்பில் 0.00 எரிந்தால், 6 எண்டர் 9 × தட்டிப் பாருங்கள். 54 வந்தால் கருவி நலம்.